வீட்டிலிருந்து கடையைப் பார்க்க வழி வேண்டும். வாசலைத் திறந்து வைக்க வேண்டாம்



தாம்பரம் சண்முகம் சாலையிலும், ஜி.எஸ்.டி. சாலை நெடுகிலும், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர், முடிச்சூர் பகுதிகளிலும் கண்காணிப்புக் கேமரா இல்லாத கடை இன்று அபூர்வம். 2017, 2018ஆம் ஆண்டுகளில் சென்னை மாநகரக் காவல்துறை ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் வியாபாரிகளையும் குடியிருப்போரையும் கேமரா வைக்கும்படி கேட்டுக்கொண்டது. அதன் பிறகு சிறு மளிகைக் கடையில்கூட நான்கு கேமராவும் ஒரு பதிவுப் பெட்டியும் வந்துவிட்டன. டி.வி.ஆர். என்று நாம் சொல்வது இந்தப் பதிவுப் பெட்டியைத்தான்.

கடை ஓரிடம், கோடவுன் ஓரிடம், வீடு ஓரிடம் என்று இருக்கும் நமக்கு, கேமரா காட்டுவதை இருந்த இடத்திலிருந்தே பார்க்க வேண்டியிருக்கிறது. இரவு பதினோரு மணிக்கு லோடு வந்தால் இறக்குவதைப் பார்க்க வேண்டும். கொள்முதலுக்கு வெளியூர் போனால் கல்லாவைப் பார்க்க வேண்டும். கேமரா மாட்ட வந்த டெக்னீஷியன் பத்து நிமிடத்தில் நம் செல்போனில் படம் வரும்படி செய்துவிட்டுப் போகிறார். நாமும் மகிழ்ச்சியாகப் பணம் கொடுத்து அனுப்புகிறோம்.

ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் அவர் என்ன செய்தார் என்று நம்மில் பலர் கேட்பதில்லை. நம் செல்போனுக்குப் படம் வர ஒரு வழி இருக்கிறது என்றால், அதே வழியில் வேறொருவர் வர முடியுமா, முடியாதா? அதை விளக்கவே இக்கட்டுரை. கம்ப்யூட்டர் படிப்பு இல்லாதவர்களும் புரிந்துகொள்ளும்படி எழுத முயன்றிருக்கிறேன்.

ராஜ்கோட்டில் நடந்தது

2025 பிப்ரவரியில் குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் உள்ள ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராக் காட்சிகள் யூடியூபிலும் டெலிகிராமிலும் வெளிவந்தன. பெண்களைப் பரிசோதிக்கும் அறையின் காட்சிகள் அவை. அகமதாபாத் சைபர் குற்றப் பிரிவினர் விசாரித்து, மகாராஷ்டிரத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் இருந்த ஆட்களைக் கைது செய்தனர். காட்சிகளை அவர்கள் விலைக்கு விற்றிருக்கிறார்கள். பெட்டியோடு வந்த ‘அட்மின்123’ என்ற பாஸ்வேர்டு மாற்றப்படாமலே இருந்தது என்று பத்திரிகைகள் எழுதின.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பூட்டை உடைத்தவர் எவரும் ராஜ்கோட்டுக்கு வரவில்லை. பல நூறு மைல் தொலைவிலிருந்தே பார்த்துவிட்டார்கள்.

நம் கடைகளையும் எண்ணிப் பாருங்கள். ஜவுளிக் கடைக்கு வரும் பெண்கள், நகைக் கடையின் லாக்கர் அறை, எந்த நேரத்தில் கல்லாப் பணம் எண்ணப்படுகிறது, யார் கையில் சாவி, எந்த இரவு கோடவுனில் காவலாளி இல்லை என்பன எல்லாம் கேமராவுக்குத் தெரியும். காவலுக்கு வைத்த கண், திருடனுக்கு வேவு பார்க்கும் கண்ணாக மாறிவிடக் கூடாது.

ரவுட்டர் என்னும் வாயிற்காவலன்

கடையில் இன்டர்நெட் இணைப்பு வரும் சிறு பெட்டிக்கு ரவுட்டர் என்று பெயர். நம் பில் போடும் கம்ப்யூட்டர், பதிவுப் பெட்டி, செல்போன் எல்லாம் அதன் உள்பக்கம் இருக்கின்றன. ரவுட்டர் ஒரு நல்ல வாயிற்காவலனைப் போன்றது. உள்ளேயிருந்து ஒருவர் வெளியே போய்ச் செய்தி கொண்டுவந்தால் அனுமதிக்கும். வெளியிலிருந்து முன்பின் தெரியாதவர் தாமாக வந்து கதவைத் தட்டினால் அனுமதிக்காது. வாங்கி வைத்தபடியே இருந்தால் பெரும்பாலான ரவுட்டர்கள் இப்படித்தான் வேலை செய்யும்.

ஒவ்வொரு இணைய முகவரிக்கும் 65,535 வாசல்கள் உண்டு. இவற்றுக்கு ‘போர்ட்’ என்று பெயர். எல்லாம் சாத்தியிருப்பதே முறை. வீட்டிலிருந்து கடையைப் பார்க்க வேண்டுமானால் இந்தக் காவலனைத் தாண்டியாக வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி: வாசலைத் திறந்து வைப்பது

ரவுட்டரில் ஒரு வாசலைத் திறந்து, “இந்த எண்ணில் வருபவர் எவராயினும் நேராகப் பதிவுப் பெட்டிக்கு அனுப்பு” என்று உத்தரவு போடுவது முதல் வழி. இதற்குப் ‘போர்ட் ஃபார்வர்டிங்’ என்று பெயர். 80, 554, 8000 போன்ற எண்கள் இதற்குச் சாதாரணமாகப் பயன்படுகின்றன. நிலையான இணைய முகவரி, அதாவது ஸ்டாட்டிக் ஐ.பி. வாங்குங்கள் என்று டெக்னீஷியன் சொன்னால் பெரும்பாலும் இந்த வழிக்காகத்தான் சொல்கிறார்.

இதில் உள்ள ஆபத்து, அந்த வாசலில் உலகமே வந்து நிற்கலாம் என்பதே. “என் கடை முடிச்சூரில் ஒரு சந்துக்குள் இருக்கிறது, இதை யார் தேடி வரப் போகிறார்கள்?” என்று கேட்கலாம். கடைவீதியில் அது சரி. இணையத்தில் சந்தும் கிடையாது, மெயின் ரோடும் கிடையாது. நடைமுறையில் உள்ள பழைய முறை இணைய முகவரிகள் மொத்தம் சுமார் 430 கோடி. 2013ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் இசட்மேப் என்ற ஒரு மென்பொருளை வெளியிட்டார்கள். வேகமான இணைப்புள்ள ஒரே கம்ப்யூட்டரிலிருந்து, அத்தனை முகவரிகளிலும் ஒரு குறிப்பிட்ட வாசல் திறந்திருக்கிறதா என்று 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடலாம் என்று அவர்கள் காட்டினார்கள். ஆகவே நம்மைத் தேடி யாரும் வர வேண்டியதில்லை. இயந்திரங்கள் இரவு பகலாக எல்லோருடைய கதவையும் தட்டிக்கொண்டே இருக்கின்றன.

2016ல் இதைக் கொண்டே ஒரு பெரிய தாக்குதல் நடந்தது. ‘மிராய்’ என்ற தீய மென்பொருள், திறந்த வாசல் உள்ள கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் தேடிப் பிடித்தது. அதன் கையில் இருந்தவை, தயாரிப்பாளர்கள் வைத்து அனுப்பும் 60-க்கும் சற்று மேற்பட்ட பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள்தாம். அந்த அறுபது சாவிகளைக் கொண்டு லட்சக்கணக்கான பெட்டிகளைத் திறந்து, அவற்றைப் படையாகத் திரட்டியது. 2016 அக்டோபர் 21 அன்று டின் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மீது அப்படை ஏவப்பட்டபோது, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்கள் பல மணி நேரம் பலருக்குக் கிடைக்கவில்லை.

“என் பாஸ்வேர்டு கடினமானது” என்று இருந்துவிடவும் முடியாது. ஹிக்விஷன் நிறுவனத்தின் பல கேமராக்களில் பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே புகக்கூடிய ஒரு குறை 2021ல் வெளிப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் நிறுவனம் திருத்தத்தை வெளியிட்டது. திருத்தத்தைப் போட்டுக்கொண்டவர்கள் தப்பினார்கள். வாசலைத் திறந்து வைத்துவிட்டுத் திருத்தத்தை மறந்தவர்களுக்கு எவ்வளவு நீளமான பாஸ்வேர்டும் உதவாது.

இரண்டாம் வழி: நிறுவனத்தின் மூலம் பார்ப்பது

பெட்டியின் மேல் ஒட்டியுள்ள க்யூ.ஆர். சதுரத்தைச் செல்போனில் காட்டி இணைப்பது இரண்டாம் வழி. இதில் நம் ரவுட்டரில் வாசல் எதுவும் திறக்க வேண்டியதில்லை. பதிவுப் பெட்டி தானாக வெளியே போய், அதைத் தயாரித்த நிறுவனத்தின் கம்ப்யூட்டரோடு தொடர்பு வைத்துக்கொள்கிறது. நம் செல்போனும் அங்கே போய்க் கேட்கிறது. இரண்டையும் அந்த நிறுவனம் சேர்த்து வைக்கிறது. மண்டியில் விற்பவரையும் வாங்குபவரையும் தரகர் சேர்த்து வைப்பதைப் போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாசலைத் திறந்து வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். சிறு கடைக்கு இதுவே போதும். ஆனால் தரகரின் நாணயத்தை நம்பியே இந்த வியாபாரம் நடக்கிறது. அந்த நிறுவனத்தில் நமக்குள்ள கணக்கின் பாஸ்வேர்டு ஒருவருக்குத் தெரிந்தால், அவர் எங்கிருந்தும் நம் கடையைப் பார்க்கலாம். ஆகவே அந்தக் கணக்குக்கு வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டு வைக்க வேண்டும். செல்போனுக்கு ஓ.டி.பி. வந்தால்தான் திறக்கும் இரட்டைச் சரிபார்ப்பு வசதி இருந்தால் அதையும் போட்டுக்கொள்ள வேண்டும். கணக்கு டெக்னீஷியனின் செல்போன் எண்ணில் இல்லாமல், நம் எண்ணில் இருக்கிறதா என்று பார்ப்பது அதைவிட முக்கியம்.

மூன்றாம் வழி: நமக்கே உரிய சுரங்கப் பாதை

மூன்றாவது, வி.பி.என். என்ற வழி. நம் செல்போனுக்கும் கடையின் ரவுட்டருக்கும் இடையே பூட்டிய சுரங்கப் பாதை ஒன்று போட்டுக்கொள்வதாகும். பாதையின் இரு முனையிலும் ஒன்றுக்கொன்று பொருந்தும் ரகசியச் சாவிகள் இருக்கும். சாவி உள்ள செல்போன் உள்ளே வந்ததும், கடைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதைப் போலப் பதிவுப் பெட்டியைப் பார்க்கலாம். கோடவுன் கம்ப்யூட்டரில் இருப்புக் கணக்கையும் பார்க்கலாம். வழியில் ஓடும் செய்தி அனைத்தும் சங்கேதமாக மாற்றப்பட்டிருப்பதால் இடையில் எவரும் படிக்க முடியாது.

இதற்குப் பல மென்பொருள்கள் உண்டு. ஓப்பன் வி.பி.என். பழையது. வயர்கார்டு புதியது, 2020ல் லினக்ஸ் அமைப்பிலேயே சேர்க்கப்பட்டது. வயர்கார்டுக்கும் ரவுட்டரில் ஒரு வாசல் தேவைதான். ஆனால் சரியான சாவி இல்லாதவர் தட்டினால் அது பதிலே சொல்லாது. தட்டியவருக்கு அங்கே கதவு இருப்பதே தெரியாது. பதிவுப் பெட்டியின் வாசலுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே. இப்போது வரும் ரவுட்டர்கள் சிலவற்றில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. வாங்கும்போது கேட்டு வாங்கலாம்.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. நம் பகுதியில் கிடைக்கும் இணைப்புகள் சிலவற்றில், பல வாடிக்கையாளர்களுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரி கொடுக்கிறார்கள். பல குடித்தனங்களுக்கு ஒரே தெருக்கதவு இருப்பதைப் போன்றது இது. ரவுட்டரின் பக்கத்தில் காட்டும் வெளி முகவரி 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணிலோ தொடங்கினால் உங்களுடையது அந்த வகை. அப்போது வெளியிலிருந்து நேராக வர முடியாது. டெயில்ஸ்கேல் போன்ற சேவைகள் இதற்கு வழி செய்கின்றன. கடையில் எப்போதும் ஓடும் ஒரு சிறு கம்ப்யூட்டரில் அதை ஏற்றினால், அதுவே உள்ளேயிருந்து வெளியே வந்து வயர்கார்டு பாதையை அமைத்துக்கொள்ளும். பழைய கம்ப்யூட்டரோ, உள்ளங்கை அளவுள்ள ராஸ்பெரி பையோ இதற்குப் போதும். வீட்டு உபயோகத்துக்கு டெயில்ஸ்கேலில் கட்டணமில்லாத திட்டம் உண்டு. கடைக்கு என்றால் அவர்களுடைய நிபந்தனைகளைப் படித்துவிட்டுச் சேர வேண்டும். அதில் நுழையப் பயன்படுத்தும் கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு அவசியம்.

வீட்டுப் பெட்டியும் கடைப் பெட்டியே

பாட்டு, சினிமா, கல்யாண வீடியோ ஆகியவற்றைச் சேர்த்து வைத்து, எங்கிருந்தும் பார்க்கும்படி வீட்டில் ஒரு பெட்டி வைப்பது இளைஞர்களிடையே பரவி வருகிறது. வீட்டு விஷயம்தானே என்று விடக் கூடாது. லாஸ்ட்பாஸ் என்பது மக்களின் பாஸ்வேர்டுகளைப் பாதுகாத்துத் தரும் அமெரிக்க நிறுவனம். 2022ல் அதன் மூத்த பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் திருடர்கள் புகுந்தார்கள். அவர் வீட்டில் சினிமா பார்க்க வைத்திருந்த பிளெக்ஸ் என்ற மென்பொருளின் பழைய குறை ஒன்றே அவர்களுக்கு வழியாயிற்று. அந்தக் குறைக்கு 2020 மே மாதமே திருத்தம் வந்துவிட்டது, அவர் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டின் வழியே நிறுவனத்தின் பெட்டகத்துக்கே போய்விட்டார்கள்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் ஜி.எஸ்.டி. கணக்கும் வங்கி வேலையும் பார்க்கும் நாம் இதை நினைவில் வைக்க வேண்டும். வீட்டுப் பெட்டிக்கும் மேலே சொன்ன மூன்றாம் வழியே ஏற்றது.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

1. ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து ‘போர்ட் ஃபார்வர்டிங்’, ‘டி.எம்.இசட்.’, ‘யு.பி.என்.பி.’ ஆகிய மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். யு.பி.என்.பி. என்பது உள்ளே உள்ள பெட்டி நம்மைக் கேட்காமலே வாசலைத் திறந்துகொள்ளும் வசதி. மூன்றும் அணைந்திருக்க வேண்டும்.

2. பதிவுப் பெட்டி, ரவுட்டர் இரண்டின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். டெக்னீஷியன்கள் வசதிக்காகத் தம் வாடிக்கையாளர் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பது உண்டு. அப்படியானால் ஒரு கடையின் சாவி ஊர்க் கடைகளுக்கெல்லாம் சாவி. புதிய பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி வீட்டுப் பீரோவில் வையுங்கள். கல்லா மேசையில் ஒட்ட வேண்டாம்.

3. ‘அட்மின்’ உரிமை முதலாளியிடம் மட்டும் இருக்கட்டும். மேனேஜருக்குப் பார்க்க மட்டும் உரிமையுள்ள தனிப் பெயர் கொடுங்கள். வேலையை விட்டுப் போகிறவரிடம் கடைச் சாவியை வாங்குவதைப் போல, அவர் பெயரையும் அன்றைக்கே நீக்குங்கள்.

4. பெட்டியின் மென்பொருள் திருத்தங்களை ஆண்டுக்கு இரு முறையாவது போடச் சொல்லுங்கள். தயாரிப்பாளர் கைவிட்ட பழைய பெட்டியை நேராக இணையத்தில் விடவே கூடாது. புதிதாக வாங்குபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: மத்திய மின்னணுவியல் அமைச்சகம் 2024 ஏப்ரலில் அறிவித்த கேமராப் பாதுகாப்பு விதிகள் 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. அந்தச் சான்று பெற்ற மாடலா என்று கேட்டு வாங்குங்கள்.

5. வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வைஃபையும், பதிவுப் பெட்டியும் பில் கம்ப்யூட்டரும் உள்ள வைஃபையும் ஒன்றாக இருக்கக் கூடாது. ரவுட்டரில் ‘கெஸ்ட்’ என்று தனி வைஃபை வசதி இருக்கும்.

6. கணக்குப் பார்ப்பவர் எனிடெஸ்க் போன்றவற்றின் மூலம் டேலிக்குள் வருகிறார் என்றால், ஒவ்வொரு முறையும் நாம் சம்மதம் கொடுத்த பிறகே வர வேண்டும். நிரந்தரப் பாஸ்வேர்டு வேண்டாம். இந்த வகைச் செயலிகளைக் கொண்டு ஏமாற்றுவது பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்புக்காக 3389ஆம் வாசலைத் திறந்து வைப்பதும் கூடாது.

7. லாக்கர் எண் அழுத்தும் இடமும், வாடிக்கையாளர் கார்டு பின் எண் அழுத்தும் இடமும் தெரியும்படி கேமரா இருந்தால் திருப்பி வையுங்கள். உடை மாற்றும் அறைப் பக்கம் கேமராவே கூடாது. பிறருடைய அந்தரங்கத்தைப் படம் பிடிப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

8. ரவுட்டருக்கும் பதிவுப் பெட்டிக்கும் ஒரு சிறு யு.பி.எஸ். வையுங்கள். கரண்ட் போனதும் வழியும் போய்விட்டால், பார்க்க வேண்டிய நேரத்தில் பார்க்க முடியாது. 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களை அறிந்த நம் பகுதியில், இவற்றைத் தரைமட்டத்தில் வைக்காமல் ஆள் உயரத்துக்கு மேல் வைப்பது நல்லது.

எல்லாம் முடிந்த பின் ஒரு சோதனை செய்யுங்கள். வயர்கார்டு வழி போட்டவர்கள் வீட்டில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில், சுரங்கப் பாதையை நிறுத்திவிட்டுக் கடைக் கேமராவைத் திறக்க முயலுங்கள். படம் வரக் கூடாது. பாதையைப் போட்டதும் வர வேண்டும். பாதை இல்லாமலே படம் வந்தால் எங்கோ ஒரு வாசல் திறந்திருக்கிறது, அல்லது இரண்டாம் வழி இன்னும் இணைந்திருக்கிறது என்று பொருள்.

சந்தேகம் ஏற்பட்டால்

நமக்குத் தெரியாத நேரத்தில் யாரோ நுழைந்ததாகப் பெட்டியின் குறிப்பேடு காட்டலாம். கேமரா தானாகத் திரும்பலாம், அல்லது பாஸ்வேர்டு திடீரென்று ஏற்காமல் போகலாம். இப்படி ஏதேனும் நேர்ந்தால் முதலில் ரவுட்டரின் இணைய வயரைப் பிடுங்குங்கள். பதிவை அழிக்க வேண்டாம், அதுவே சாட்சி. மத்திய உள்துறையின் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் புகார் பதியலாம். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். 2022 ஜனவரி முதல் நம் பகுதிக்குத் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம் தனியாக இயங்குவதால் நேரிலும் புகார் கொடுக்கலாம்.

சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள்

தனித்தனியாகக் கேட்டால் டெக்னீஷியன்கள் நம் பேச்சைக் காதில் வாங்குவதில்லை. சங்கம் சேர்ந்து கேட்டால் நடக்கும். உறுப்பினர் கடைகளில் கேமரா மாட்டுபவர்கள் பில்லின் பின்புறம் நான்கு வரி எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று நாம் முடிவு செய்யலாம். எந்த வழியில் இணைத்திருக்கிறார், ரவுட்டரில் வாசல் ஏதும் திறந்திருக்கிறதா, அட்மின் பாஸ்வேர்டைக் கடைக்காரரிடம் ஒப்படைத்தாரா, கணக்கு யாருடைய செல்போன் எண்ணில் உள்ளது என்பவையே அந்த நான்கு வரிகள்.

சரக்கு வாங்கும்போது எடை பார்க்கிறோம், பில் பார்க்கிறோம், சிப்பம் எண்ணுகிறோம். கேமரா இணைப்பையும் அதேபோல எண்ணி வாங்குவோம். கடையைப் பார்க்கும் கண் நம்முடையதாக மட்டும் இருக்கட்டும்.